ரேகை மெஷினுக்கு ஒரு பாராட்டு விழா

என்னுடைய நாட்குறிப்புகளில் தெரிந்தே நான் எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி இன்றுவரை ஒருநாள் விடாமல் எழுதி வருகிறேன். எந்தக் கிழமை எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம், எந்த ஹோட்டலில் சாம்பார் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று யாருக்கும் தேவைப்படாத தகவல்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரே மட்டும், "லேசான தூறல். குறிப்பிடும்படி ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறது. தூறல் உண்மை. மற்றது பொய். அன்றைக்கு நடந்ததை எழுதக் கை கூசியது. (கையே அன்றைக்குப் புண்ணாகத்தான் இருந்தது. அந்தக் கதையும் வருகிறது.) இப்போது அந்தப் பொய்யைத் திருத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆலங்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பாக்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் நான் எழுத்தர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவேடு என் பொறுப்பு. காலை எட்டே முக்காலுக்கு கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களுக்கு எதிரே டிக் போடுவேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதோடு, குடையோடு வந்தார்களா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மேலாளர் சபாபதி சார் நல்ல மனிதர். கத்த மாட்டார், மட்டம் தட்ட மாட்டார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்து வாங்கி வந்த பொருள் தப்பு செய்யாது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் வாங்கிய சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடும். அலுவலகம் முழுக்க அதன்படிதான் பசித்தது. அப்படிப்பட்டவர் ஓர் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை, விரல் வைத்தால் வருகை பதிவாகும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கேட் பக்கத்துச் சுவரில் மாட்டினார். விரலை வைத்தால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் "நன்றி" என்று சொல்லும். அடையாளம் தெரியாவிட்டால் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லும். என் ஸ்டூலை எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள்.

அந்தச் சமயம் பாய்லர் பழுதாகி, கொட்டை உடைப்பு இரண்டு வாரமாக நின்றிருந்தது. எல்லோருடைய விரல் ரேகையையும் அப்போதுதான் மெஷினில் ஏற்றினோம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பாய்லர் சரியானதும் வந்தது வினை. முந்திரி ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோலை அரித்துவிடும். உடைக்கிற பிரிவில் இருக்கும் பதினேழு பெண்களும் விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். உடைப்பு தொடங்கிய ஒரு வாரத்தில் மெஷினுக்கு அவர்களை அடையாளம் தெரியாமல் போனது. சிலரை மூன்று நாளைக்கு ஒருமுறை ஒப்புக்கொண்டது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து வரும் பாக்கியம் அக்காவை ஒரு நாள்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அவர் இருபத்தாறு வருடமாக உடைக்கிறவர். இருக்கிற பதினேழு பேரில் வழவழப்பான விரல் அவருடையதுதான்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

"நானும் முயற்சிதாம்மா பண்றேன், நீயும் கொஞ்சம் பண்ணு" என்பார் பாக்கியம் அக்கா மெஷினைப் பார்த்து.

விஷயத்தை ஒருமுறை சபாபதி சாரிடம் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். "கையக் கழுவிட்டு வரச் சொல்லுய்யா" என்றார். அத்தோடு நான் அடங்கிவிட்டேன்.

மெஷின் ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்தது. முன்தகவல் இல்லாமல் பதினைந்து நாள் வராதவர்களுக்கு அது தானாகவே கடிதம் அச்சடித்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அப்படி முதல் கடிதம் வெளியே வந்தது. உரியவரிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது என் வேலை. உடைப்புப் பிரிவுக்குப் போனேன். பாக்கியம் அக்கா உடைத்துக்கொண்டிருந்தார். நீட்டினேன்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"நீங்க தொடர்ந்து வேலைக்கு வரலயாம். பத்து நாளுக்குள்ள நேர்ல வந்து வெளக்கம் சொல்லணுமாம். இல்லன்னா பேரை எடுத்துருவாங்களாம்."

அவர் சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேலைக்கு வரலேன்னா, இப்ப இத யாருகிட்ட குடுக்குறீங்க?"

நான் பதிவேடு எழுதுகிறவன், தர்க்கம் தெரிந்தவன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கு உடனே விளங்கியது. எனவே, "இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்றேன்.

அவர் போட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "வெளையாட்டு இல்ல தம்பி. எங்க வீட்டுல இந்த ஒரு வேலைதான். பேரை எடுத்துட்டா, இந்த வயசுல இந்தக் கைய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போயி நிப்பேன்? நீங்கதான் பெரிய எடத்துல பேசணும். டவுனுக்குப் போயி அதத்தானே படிச்சுட்டு வந்தீங்க?"

படித்துவிட்டு வந்தது உண்மை. போன மாதம்தான் புதுக்கோட்டையில் ஒரு ஹோட்டல் ஹாலில், 'பணியிடத்தின் கடினமான சூழல்களில் தன்னம்பிக்கையோடும் தொழில்முறையாகவும் பேசுவது எப்படி' என்று ஒருநாள் பயிற்சி நடந்தது. நிறுவனத்தின் சார்பில் என்னை அனுப்பினார்கள். (மதியச் சாப்பாட்டில் இரண்டு இனிப்பு. நாட்குறிப்பில் இருக்கிறது.) நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு நோட்டு நிரம்பின. முதலில் எதிரே இருப்பவரை மனமாரப் பாராட்டு. பிறகு குறையைச் சொல். பிறகு மறுபடி பாராட்டு. 'நீங்கள் செய்தது தவறு' என்று சொல்லாதே. 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று சொல். கண்ணைப் பார். இடையிடையே மௌனம் காக்கவும். எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டு மேஜையில் நிறுத்தியிருந்தேன். அப்புறம் என் வாயை நம்பாமல் யார் வாயை நம்புவார்கள்?

ஸ்டோர் பொறுப்பாளர் அபு பாயிடம் ஆலோசனை கேட்டேன். கட்டுமாவடிக்காரர், பதினாறு வருட அனுபவஸ்தர். நான் இரண்டு நோட்டையும் விரித்துக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை.

"எல்லாஞ் சரி தம்பி. வெறுங்கையோடயா போவீங்க?"

"குறை சொல்லத்தானே பாய் போறேன்?"

"அதான் சொல்றேன். வெறுங்கையோட போயி சொன்னா பிராது. ஒரு சால்வையப் போத்திட்டுச் சொன்னா, அது கோரிக்கை. மனுசன் கொஞ்சம் குளுந்து போயிருப்பாருல்ல?"

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். ஒருவரைப் பார்க்கப் போனால் சால்வை, பழம். எங்கள் ஸ்டோரிலேயே ஆறு சால்வைகள் சுழற்சியில் இருந்தன. வருகிற விருந்தினருக்குப் போர்த்துவோம். அவர் அதை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அது மறுபடி ஸ்டோருக்கு வரும். அபு பாய் அதில் ஓரம் பிரியாததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பயிற்சியும் பாராட்டில் தொடங்கச் சொல்கிறது, பாயும் பாராட்டில் தொடங்கச் சொல்கிறார். இரண்டு தரப்பும் ஒத்துப்போனதில் எனக்கு உலகத்தின் மேலேயே நம்பிக்கை பிறந்தது.

அன்று பதினொன்று இருபதுக்கு சபாபதி சாரின் அறைக்குள் நுழைந்தேன். பின்னாலேயே துணைக்கு அபு பாய். சார் தலைநிமிர்ந்தார். சால்வையைப் பார்த்தார். அவ்வளவுதான். நாற்காலி தானாகப் பின்னால் போனது. எழுந்து நின்று, தலையை லேசாகக் குனிந்து, கைகூப்பி, இல்லாத கேமராவைப் பார்த்துத் திரும்பினார். அதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, உடம்பில் ஊறியது. எனக்கும் ஊறியிருந்தது, சால்வையைப் போர்த்திவிட்டு நானும் கைகூப்பி அதே பக்கம் திரும்பிச் சிரித்தேன். அபு பாய் செல்போனை எடுத்துப் படம் பிடித்தே விட்டார்.

"என்னய்யா திடீர்னு?" என்றார் சார். குரல் ஏற்கெனவே தழுதழுத்திருந்தது.

கண்ணைப் பார்த்தேன். பாராட்டைத் தொடங்கினேன். அவர் வந்த பிறகு வளாகத்தில் நட்ட வேப்பங்கன்றுகள், குடிநீர்க் குழாய், மூட்டைகளுக்கு எண் போடும் முறை, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் வந்தது என்பது உட்பட. எனக்குத் தேதிகள் தெரியும் என்பதுதான் அன்றைய கேடு. பதினோரு நிமிடம் ஆனது. அவர் கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் குறைக்கு வந்தேன்.

"சார், அந்த ரேகை மெஷின்..."

இங்கே மௌனம் காக்கவும் என்று சிவப்பு மையில் இருந்தது. காத்தேன்.

"சொல்லு."

"அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி இருக்குது சார்."

'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்ற விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தேன். மறுபடி மௌனம்.

"எனக்கும்தான்யா!" என்றார் அவர். "மொத நாளு மாட்டுனப்ப எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. வெளிய சொன்னாச் சிரிப்பாங்கன்னு இருந்தேன்."

"அது இல்ல சார், உடைக்கிற பிரிவுல பாக்கியம் அக்கால்லாம் தெனமும் அதுக்கு முன்னாடி நின்னு..."

"கும்புடுறாங்களா?"

"பேசுறாங்க சார்."

பொய் சொல்லவில்லை. பேசத்தான் செய்தார்கள். ஆனால் நான் அடுத்த வாக்கியத்தைத் திரட்டுவதற்குள் சார் முதலாளிக்கு போன் போட்டுவிட்டார். "ஆமாங்கய்யா, தொழிலாளிங்களே வந்து சால்வை போத்துறாங்க. நம்ம எழுத்தருதான் பேசுனாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு." போனை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முதலாளி நேரில் வருகிறார். மெஷின் வந்ததற்கு ஒரு சிறு விழா. தொழிலாளர் சார்பில் பேசப் போவது நான்.

பயிற்சியில் சொன்ன கடைசிப் பாராட்டு மட்டும் பாக்கியிருந்தது. தேவைப்படாது என்று விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பாக்கியம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன தம்பி சொன்னாரு?"

"விழா எடுக்குறாங்கக்கா."

"எனக்கா?"

"மெஷினுக்கு."

"உங்க வாய நம்புனதுக்கு, அதுகிட்டக்கூட ரெண்டு வார்த்தை வாங்கிரலாம் போல இருக்கே" என்று முனகிக்கொண்டே உடைக்கப் போனார்.

நாட்களை எண்ணினேன். விளக்கம் சொல்லக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமைதான். அவ்வளவு பதற்றத்திலும் எனக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. தனியறையில் தோற்றதை மேடையில் வென்றுவிடலாமே? 'சான்றோடு பேசினால் யாரும் மறுக்க முடியாது' என்று இரண்டாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதலாளி முன்னால் பாக்கியம் அக்காவை அழைத்து விரலை வைக்கச் சொல்வேன். மெஷின் மறுக்கும். ஒரு சொல்கூட நான் பேச வேண்டாம். (எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.)

ஆனால் ஒரு சான்று போதுமா? வரலாற்றில் ஈடுபாடு உள்ளவன் ஒற்றைச் சான்றை நம்ப மாட்டான். என் விரலையும் இரண்டாவது சான்றாக்கத் தீர்மானித்தேன். விழாவுக்காக உடைப்புப் பிரிவுக்கு அன்று மாலையே விடுமுறை விட்டிருந்தார்கள். வெள்ளையடிக்க, வளாகம் கூட்ட, பாத்திரம் துலக்க, தோரணம் கட்ட என்று பதினேழு பெண்களையும் சபாபதி சார் இழுத்துக்கொண்டார். மெஷினையும் சுவரிலிருந்து கழற்றி, பட்டுத்துணி போர்த்தி அலமாரியில் வைத்துவிட்டார். திறப்பு விழாவில்தான் அது கண்விழிக்க வேண்டுமாம். எனவே ஆளில்லாத உடைப்புக் கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாக உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தேன்.

இரண்டாம் நாள் பாக்கியம் அக்கா சுண்ணாம்பு வாளியோடு அந்தப் பக்கம் வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, என்ன பண்றீங்க?"

"சான்று தயார் பண்றேன்க்கா."

"வெறுங்கையில உடைக்கிறீங்களே! வெளக்கெண்ணெயத் தடவிக்கங்க. வெந்துரும்."

"வேகணும்க்கா. அதுதான் திட்டம்."

"அபு பாய்கிட்டச் சொல்லி இவுகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லணும்" என்று வாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் உடைத்தேன். பழக்கப்பட்ட கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். புதுக் கை ஒரேயடியாகக் கொப்பளிக்கும். வியாழக்கிழமைக்குள் வலது கையின் ஐந்து விரல்களும், இடது கையின் நான்கும் கறுத்து உரியத் தொடங்கிவிட்டன. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். என் மனைவி செல்வி கேட்டதற்கு, "ஆபீஸ் வேலைதான்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு விழா. ஷாமியானா, வாழைமரம், பதினேழு பெண்களும் இழைத்த கோலம். வாசலில் பிளெக்ஸ். நடுவில் மெஷின், ஆளுயரத்துக்கு. ஒரு பக்கம் சபாபதி சார் சால்வையோடு. மறுபக்கம் கைகூப்பியபடி நான். அபு பாய் எடுத்த அதே படம். எங்கள் இரண்டு பேரைவிட மெஷின்தான் களையாக இருந்தது.

முதலாளி வயதானவர். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அதிகம் பேச மாட்டார். பேசுகிறவர்களையும் அதிகம் விரும்ப மாட்டார். பட்டுத்துணியை விலக்கி மெஷினுக்கு மாலை போட்டார். சபாபதி சார் சால்வையும் போர்த்தினார். விரல் வைக்கிற இடம் மறைந்துவிட்டதால் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு மைக் என்னிடம் வந்தது.

பாராட்டு இல்லாமல், நேரே சான்றுக்குப் போனேன். "தொழிலாளர் சார்பில், இருபத்தாறு ஆண்டு அனுபவம் கொண்ட பாக்கியம் அவர்கள் முதலாளி முன்னிலையில் விரல் வைப்பார்கள். என்ன நடக்கிறது என்பதை அனைவரும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அக்கா வந்தார். விரலை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நன்றி."

கைதட்டல். நான் கண்ணைத் திறந்தேன். அக்காவும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை" என்றேன்.

"நன்றி."

"வேற யாராவது!" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அடுத்தவர் வந்தார். நன்றி. அடுத்தவர். நன்றி. பதினேழு பேரும் வரிசையாக வந்தார்கள், பதினேழு நன்றி. ஒவ்வொன்றுக்கும் சபாபதி சார் எழுந்து நின்று கைதட்டினார். பாய்லர் பழுதான சமயத்தில், உடைக்காத விரல்களைத்தானே மெஷின் பதிந்துவைத்திருந்தது? இந்தப் பத்து நாளும் யாரும் ஒரு கொட்டைகூட உடைக்கவில்லை. தோல் வளர்ந்து, ரேகை திரும்பிவிட்டது. பத்து நாளில் முந்திரிக்கொட்டையைத் தொட்ட ஒரே ஆள், ஊரின் வரலாற்றாசிரியனான நான்.

மிச்சம் இருந்தது இரண்டாவது சான்று. "நானே வைக்கிறேன்!" என்று மைக்கில் அறிவித்துவிட்டு வைத்தேன்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

"பார்த்தீங்களா!" என்றேன் வெற்றிக் களிப்பில். கூட்டம் பார்த்தது. தொழிலாளர் பதினேழு பேரையும் மெஷின் ஒப்புக்கொள்கிறது; மெஷினைப் பாராட்டிப் பேச வந்த ஆளை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியும்? வேறு விரலை வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும். இடது கை. மீண்டும் முயற்சிக்கவும். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அந்தப் பெண் குரல் ஷாமியானா முழுக்கக் கேட்டது. ஏழாவது தடவை முன்வரிசையில் யாரோ சேர்ந்து சொன்னார்கள். எட்டாவது தடவை எல்லோரும் சொன்னார்கள்.

முதலாளி சபாபதி சார் பக்கம் சாய்ந்தார். மைக் அதையும் பிடித்தது. "யாருய்யா இவரு? நம்ம ஆளுதானா?"

பேச வேண்டும். இரண்டு நோட்டில் உள்ள எல்லா விதிகளும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்து, வாசலில் நெரித்துக்கொண்ட கூட்டம் மாதிரி ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: "ஐயா, எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி இருக்குது."

"இவருக்குத் தண்ணி குடுங்கய்யா" என்றார் முதலாளி.

அப்போதுதான் என் கையிலிருந்த மைக்கை யாரோ மெல்ல வாங்கினார்கள். பாக்கியம் அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடிக்கிறார் என்று பிறகு சொன்னார். அதை அவர் பிடித்தது, கரண்டி பிடிக்கிற மாதிரி.

"ஐயா, வணக்கம். பத்து நாளா நாங்க கொட்டை உடைக்கல. வெள்ளையடிச்சோம், தோரணம் கட்டுனோம். அதுனால கை ஆறிப்போயி இந்த மெசினுக்கு எங்களத் தெரியுது. திங்கக்கெழம உடைக்க ஆரம்பிச்சா எண்ணெ பட்டு ரேகை அழிஞ்சுரும். மறுபடியும் நாங்க வேலைக்கு வராத ஆளுதான். தெனமும் விழா வச்சா, தெனமும் நாங்க வந்ததாக் கணக்காகும்." இடுப்பிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தார். "நான் வரலேன்னு இதுல எழுதியிருக்கு. வெளக்கம் சொல்ல இன்னைக்குத்தான் கடேசி நாளாம். சொல்லிட்டேன்."

மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முப்பது விநாடி ஆகியிருக்கும். பாராட்டு இல்லை, இடைவெளி இல்லை, சால்வை இல்லை.

யாரும் கைதட்டவில்லை. முதலாளி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். எழுந்து வந்து அக்காவின் விரலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீ எதுக்குய்யா உடைச்ச?"

"சான்றுக்குங்கய்யா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சபாபதி, உடைக்கிறவங்களுக்குப் பழைய ரிஜிஸ்டர். திங்கக்கெழமையிலேர்ந்து. இதுவரைக்கும் வரலேன்னு போட்டதெல்லாம் வந்ததா மாத்திருங்க" என்றார். இலை போடச் சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தார்.

பந்தியில் சபாபதி சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது கேட்டார்: "அன்னிக்கு ரூமுக்கு வந்தியே, இதத்தான் சொல்ல வந்தியா?"

"ஆமா சார்."

"அப்ப சால்வை எதுக்குய்யா போத்துன?"

ஸ்பூனால் பாயசத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அவர் மனம் நொந்துபோனதென்னவோ உண்மை. மெஷின் அலுவலக ஊழியர்களுக்கு மட்டும் என்றானது. அதன் மரியாதையை மீட்பதற்காக அவர் அதில் புது வசதி ஒன்றைச் சேர்த்தார். ஊழியர் வராத அன்று, காலை ஒன்பதரைக்கு வீட்டு நம்பருக்குத் தானாக ஒரு செய்தி போகும்: "தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஊழியர் இன்று பணிக்கு வரவில்லை." அலுவலகத்தில் விரல் தேய்ந்த ஆள் நான் ஒருவன்தான். என் வீட்டு நம்பர் செல்வியுடையது.

இது எனக்குத் தெரியாது. செல்வியும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு எட்டேகாலுக்குக் கிளம்புகிற கணவன் ஒன்பதரைக்கு வேலைக்கு வரவில்லை. ஒரு நாள் இல்லை, எட்டு நாள். கையெல்லாம் வேறு காயம். கேட்டால் "ஆபீஸ் வேலை". அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அறந்தாங்கியிலிருந்த தன் தம்பி முருகேசனுக்கு போன் போட்டாள்.

அவன் ஒரு புதன்கிழமை காலையிலேயே பைக்கில் என் பின்னால் வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் செல்வியிடம் அவன் சொன்ன அறிக்கையை அவள் வாயாலேயே கேட்டு, நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்:

"காலையில எட்டு நாப்பதுக்கு உள்ள போனாரு. அஞ்சரைக்கு வெளிய வந்தாரு. நடுவுல வெளிய வரல. ஆனா வேலைக்கும் வரலேன்னு மெசேஜ் வந்துருச்சு. அப்ப உள்ள என்னதான்க்கா பண்றாரு?"

மறுநாள் அவன் நேராக கேட்டுக்கே வந்துவிட்டான். எதிரே வந்தவர் பாக்கியம் அக்கா. என் பெயரைச் சொல்லி, உள்ளே இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறான். "இருக்காக. ஆனா கணக்குல இல்ல" என்று அவர் சொல்ல, அவன் பயந்துபோய் என்னை வெளியே கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்து ஓய்ந்து பைக்கை எடுக்க இருபது நிமிடம் ஆனது.

அடுத்த வாரமே சபாபதி சார் என் பெயரையும் மெஷினிலிருந்து எடுத்து ரிஜிஸ்டருக்கு மாற்றிவிட்டார். பதினெட்டாவது பெயராக, பாக்கியம் அக்காவுக்குக் கீழே, எனக்கு நானே டிக் போட்டுக்கொள்கிறேன்.

போன மாசியில் நிஜமாகவே காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பதே முக்கால் இருக்கும். பார்க்க வந்திருந்த முருகேசன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். செல்வி கஞ்சியோடு வந்தவள், போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மெசேஜ் வரலயே. அப்ப அவரு வேலைக்குப் போயிட்டாரு" என்றாள். "முருகேசா, இங்கிட்டுப் படுத்திருக்கறது யாருன்னு கேளு."